ஸ்கிரிப்ட்டை எக்ஸ்இ ஆக்க எந்த வழி? நிர்வாகப் பணிக்கான சிறு நிரல்கள்: ஓர் ஒப்பீடு

அச்சு வரிசை சிக்கிக்கொண்டால் செய்ய வேண்டியது மூன்றே காரியம். அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் ஸ்பூலர் சேவையை நிறுத்த வேண்டும், தேங்கிய கோப்புகளை அழிக்க வேண்டும், சேவையை மறுபடி தொடங்க வேண்டும். விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் மூன்று வரி. அந்த மூன்று வரியை ஸ்கிரிப்ட் கோப்பாகக் கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் கொடுத்தால், அவர் இரட்டைக் கிளிக் செய்வார், நோட்பேட் திறக்கும். 'கிளிக் செய்தாலே ஓடும் எக்ஸ்இ ஆக்கிக் கொடுத்துவிடலாமே' என்ற எண்ணம் பிறப்பது இந்த இடத்தில்தான்.

ஆக்குவதற்கு வழிகள் நிறைய. ஒவ்வொன்றும் உள்ளே செய்கிற வேலை வேறு, உடைகிற இடமும் வேறு. அதனால் கருவியைத் தேடுமுன் எக்ஸ்இ எதற்கு வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் ஐந்து: கிளிக் செய்தால் ஓட வேண்டும், ஓடவேண்டிய கணினியில் பைத்தான் போன்ற மொழி நிறுவப்படவில்லை, எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று தீர்மானிக்கும் எக்ஸிக்யூஷன் பாலிசி தடுக்கிறது, நிர்வாகி உரிமை தேவை, உள்ளே இருக்கும் பாஸ்வேர்டு வெளியே தெரியக் கூடாது. முதல் இரண்டை எக்ஸ்இ உண்மையாகவே தீர்க்கும். மூன்றாவதுக்கு, கையொப்பமிட்டவற்றை ஓட விடும்படி பாலிசியை அமைத்து ஸ்கிரிப்ட்டில் கையொப்பமிட்டால் போதும். நான்காவதில் எக்ஸ்இ உரிமை கேட்கும் பெட்டியைக் காட்டுமே தவிர உரிமையைத் தராது. ஐந்தாவது கீழே வரும் எந்த வழியிலும் நடக்காது.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். டாஸ் காலத்தில் பேட்ச் கோப்புக்கு விசைப்பலகையிலிருந்து ஒரு விசையை வாங்கத் தெரியாது. சாய்ஸ் கட்டளை வந்ததே 1993இல், எம்எஸ்-டாஸ் 6.0 பதிப்பில்தான். அதுவரை நிர்வாகிகள் டாஸோடு வந்த டீபக் நிரலுக்கு ஓர் உரைக்கோப்பைக் கொடுத்துச் சிறிய .காம் கோப்பை உருவாக்கினார்கள். செயலியின் ஏஎச் பதிவகத்தில் 08 வைத்து, டாஸின் சேவைகளுக்கான இன்டரப்ட் 21ஐ அழைத்தால் அழுத்திய விசை ஏஎல்-இல் வந்து நிற்கும். பிறகு ஏஎச்-இல் 4சி வைத்து மறுபடி 21ஐ அழைத்தால் அதே மதிப்பு எரர்லெவலாக, அதாவது பேட்ச் கோப்பு படிக்கக்கூடிய வெளியேற்ற எண்ணாக, வெளியேறும். நான்கு கட்டளைகள், மொத்தம் 8 பைட். உரைக்கோப்பில் கோப்பின் பெயர், 100 என்ற தொடக்க முகவரி, நான்கு கட்டளைகள், ஒரு வெற்று வரி, சிஎக்ஸ் பதிவகத்தில் 8 என்ற நீளம், எழுது, வெளியேறு என்று வரிசையாக இருக்கும். அந்த வெற்று வரியை விட்டுவிட்டால் போச்சு: டீபக் அசெம்பிளி நிலையிலேயே நின்று, அடுத்து வரும் வரிகளையும் அசெம்பிளியாக எண்ணிப் பிழை காட்டும், கோப்பு உருவாகாது. 64-பிட் விண்டோஸில் டீபக் இல்லை, 16-பிட் நிரல்கள் ஓடவும் மாட்டா. ஆனாலும் அதன் அளவுகோல் இன்றைக்கும் பொருந்தும்: ஸ்கிரிப்ட்டால் முடியாத அந்த ஒரு வேலைக்கு மட்டும் இயங்கு கோப்பு, மற்றதெல்லாம் ஸ்கிரிப்ட்டிலேயே.

விண்டோஸோடு வரும் சி ஷார்ப் கம்பைலர்

இன்றைய விண்டோஸில் அந்த அளவுகோலுக்கு மிக நெருக்கமான வழி இது. பலருக்குத் தெரியாத விஷயம்: டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4 உள்ள ஒவ்வொரு கணினியிலும் சி ஷார்ப் மொழியில் எழுதியதை எக்ஸ்இ ஆக்கும் ஒரு கம்பைலர் ஏற்கனவே இருக்கிறது. விண்டோஸ் அடைவில் மைக்ரோசாஃப்ட்.நெட், அதற்குள் ஃப்ரேம்வொர்க்64, அதற்குள் வி4.0.30319, அங்கே சிஎஸ்சி.எக்ஸ்இ. விண்டோஸ் 10, 11, சர்வர் 2016 முதலான எல்லாவற்றிலும் இது உண்டு. பவர்ஷெல் ஸ்கிரிப்ட்டுக்குள் சி ஷார்ப் மூலத்தை ஒரு சரமாக வைத்து, ஆட்-டைப் கட்டளையில் அவுட்புட்அசெம்ப்ளி, அவுட்புட்டைப் என்ற இரண்டு அளபுருக்களையும் கொடுத்தால் எக்ஸ்இ தயார். எதையும் பதிவிறக்க வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம். சிறு நிரலாக இருந்தால் 5 கேபி அளவில் முடிந்துவிடும்.

எங்கெங்கே இடறும்? முதலில், இந்தக் கம்பைலருக்குத் தெரிந்தது சி ஷார்ப் 5 வரைதான். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் டாலர் குறியோடு தொடங்கும் சரம் இருந்தால் அது 6ஆம் பதிப்பு. இங்கே பிழை வரும். அந்த இடங்களை ஸ்ட்ரிங்.ஃபார்மட் என்று மாற்றி எழுத வேண்டும். இரண்டாவது, பவர்ஷெல் 7.1 முதல் ஆட்-டைப் எக்ஸ்இ உருவாக்குவதில்லை, பிழையோடு நின்றுவிடும். ஆகவே உருவாக்கும் ஸ்கிரிப்ட்டை 5.1இல் ஓட்டுங்கள், இல்லையென்றால் சிஎஸ்சியை நேரடியாக அழையுங்கள். நேரடியாக அழைப்பதே நல்லது. மேனிஃபெஸ்ட் (நிரலுக்கு வேண்டிய உரிமை முதலியவற்றை விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு), ஐகான், 64-பிட் என்ற தெரிவு எல்லாம் அங்கே ஒரே கட்டளையில் அடங்கும். டார்கெட் என்பதை வின்எக்ஸ்இ என்று கொடுத்தால் கறுப்புத் திரை எட்டிப் பார்க்காது. ஆட்-டைப் வழியில் போனால் சேவைகளைக் கையாளும் சிஸ்டம்.சர்வீஸ்ப்ராசஸ் நூலகத்தைப் பெயர் சொல்லிச் சேர்க்கவும் வேண்டும்.

அச்சு வரிசை நிரலையே இதில் எழுதினால், தவறு நேரும் இடம் ஒன்றுதான். சேவையை நிறுத்தும் ஸ்டாப் கட்டளை, 'நிறுத்து' என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும். சேவை நிற்கும் வரை காத்திருக்காது. அடுத்த வரியில் கோப்பை அழிக்கப் போனால், ஸ்பூலர் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். இடையில் வெயிட்ஃபார்ஸ்டேட்டஸ் வைத்து 30 விநாடி வரை காத்திருக்கச் செய்யுங்கள். அதற்குள் நிற்காவிட்டால், பூஜ்யம் அல்லாத வெளியேற்ற எண்ணோடு முடியட்டும். பூஜ்யம் என்றால் வெற்றி, 3010 என்றால் மறுதொடக்கம் தேவை என்ற விண்டோஸ் இன்ஸ்டாலர் வழக்கத்தைப் பின்பற்றினால் நிர்வாகக் கருவிகளுக்கும் எளிதாகப் புரியும்.

சுமார் 200 வரிக்குள் அடங்கும் வேலை, விண்டோஸ் மட்டும் என்றால் எங்கள் தேர்வு இதுதான். அதைத் தாண்டினால் சி ஷார்ப்பில் திருப்பி எழுதுகிற உழைப்புக்கு ஏற்ற பலன் கிடைக்காது.

பிஎஸ்2எக்ஸ்இ

பவர்ஷெல் ஸ்கிரிப்ட்டை எக்ஸ்இ ஆக்க என்று தேடினால் முதலில் வருவது இது. இது ஸ்கிரிப்ட்டை இயந்திர மொழிக்கு மாற்றுவதாகப் பலர் நம்புகிறார்கள். நடப்பது வேறு. ஒரு சின்ன சி ஷார்ப் உறை, அதற்குள் உங்கள் ஸ்கிரிப்ட் அப்படியே. ஓடும்போது விண்டோஸ் பவர்ஷெல் 5.1இன் இயந்திரத்தைத்தான் அழைக்கிறது. அதனால் 7ஆம் பதிப்பின் தொடரியல் இதில் ஓடாது. உருவான எக்ஸ்இயை எக்ஸ்ட்ராக்ட் என்ற சுவிட்ச்சோடு கோப்புப் பெயர் கொடுத்து ஓட்டினால் மூல ஸ்கிரிப்ட்டை முழுதாகத் திருப்பித் தந்துவிடும். கருவியை எழுதியவர்களே, இதற்குள் பாஸ்வேர்டு வைக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள்.

நடைமுறையில் அதிகம் மாட்டுவது இரண்டு இடங்கள். பிஎஸ்ஸ்கிரிப்ட்ரூட் என்ற மாறி வெறுமையாக இருக்கும்; ஸ்கிரிப்ட்டாக ஓடியபோது பக்கத்திலிருந்த கான்ஃபிக் கோப்பைச் சரியாக எடுத்த நிரல், எக்ஸ்இ ஆனதும் கோப்பைக் காணோம் என்று சொல்லும். கட்டளை வரியின் முதல் உறுப்பிலிருந்து சொந்தப் பாதையைக் கண்டுபிடிக்கும்படி மாற்ற வேண்டும். நோகன்சோல் சுவிட்ச் போட்டால், ரைட்-ஹோஸ்ட் எழுதும் ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பெட்டியாக வந்து ஓகே அழுத்தக் காத்திருக்கும். 40 வரி லாக் எழுதும் ஸ்கிரிப்ட் என்றால் 40 பெட்டிகள். வெளியிலிருந்து வரும் அளபுருக்கள் எல்லாம் சரங்களாகவே வந்து சேரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எண்ணையோ உண்மை-பொய் மதிப்பையோ எதிர்பார்க்கும் ஸ்கிரிப்ட் இதில் தடுமாறும்.

ஆன்டிவைரஸ் தொல்லையும் இதில் அதிகம். உறை எல்லோருக்கும் ஒன்றே, தீய நிரல் எழுதுகிறவர்களும் அதையே பயன்படுத்துகிறார்கள். உங்கள் கோப்பில் குற்றமே இல்லாவிட்டாலும் சந்தேகம் விழும். விலக்குப் பட்டியலில் ஒரு போல்டர் முழுவதையும் சேர்ப்பது தவறான பரிகாரம், அந்தப் போல்டருக்குள் நாளை எது வந்து உட்கார்ந்தாலும் தப்பிவிடும். நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழால் எக்ஸ்இயில் கையொப்பமிட்டு, அந்தச் சான்றிதழைக் குரூப் பாலிசி வழியாக எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பி, அதை அடையாளமாக வைத்து அனுமதி கொடுப்பதே முறை. யுபிஎக்ஸ் என்ற கருவி கொண்டு கோப்பைச் சுருக்காதீர்கள், சந்தேகம் கூடவே செய்யும்.

ஐஎக்ஸ்பிரஸ், பேட்ச் மாற்றிகள், ஆட்டோஇட்

ஐஎக்ஸ்பிரஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் பழைய கருவி. சில கோப்புகளை ஒன்றாகக் கட்டி, டெம்ப் அடைவில் ஐஎக்ஸ்பி000 என்பது போன்ற போல்டரில் பிரித்து, சொன்ன கட்டளையை ஓட்டிவிட்டு அழித்துவிடும். எஸ்இடி என்ற உரைக்கோப்பை ஸ்கிரிப்ட்டால் எழுதி, என், க்யூ சுவிட்ச்சுகளோடு அழைத்தால் கேள்வி கேட்காமல் எக்ஸ்இயைக் கட்டித் தரும். ஒருமுறை நிறுவும் வேலைக்கு நல்லது. ஆனால் எக்ஸ்இக்குக் கொடுக்கும் அளபுருக்கள் உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட்டுக்குப் போய்ச் சேராது. தினசரிக் கருவிக்கு அதனாலேயே ஒத்துவராது.

பேட்ச் கோப்பை எக்ஸ்இ ஆக்கும் இலவசக் கருவிகள் பலவும் டெம்ப்பில் பேட்ச்சை இறக்கி ஓட்டும் வகையே. ஓடும்போது அந்தப் போல்டரைத் திறந்து பார்க்கிற எவருக்கும் உள்ளடக்கம் தெரியும். ஆட்டோஇட், ஆட்டோஹாட்கீ இரண்டும் பட்டன் அழுத்துவது, ஜன்னல்களைக் கையாள்வது போன்ற வேலைக்கு நன்றாக உதவும். வேறு வழியில்லாத பழைய மென்பொருளை இயக்க மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கருவிகள் எதைக் கொண்டு செய்தாலும் 32-பிட்டா 64-பிட்டா என்று கட்டாயம் பாருங்கள். 64-பிட் விண்டோஸில் 32-பிட் நிரல் சிஸ்டம்32ஐத் திறந்தால் அதன் கண்ணுக்குத் தெரிவது சிஸ்வாவ்64 என்ற வேறு அடைவு. உள்நுழைந்த பயனர்களைப் பட்டியலிடும் க்யூயூசர் கட்டளையை ஸ்கிரிப்ட்டாக அழைத்தபோது ஓடும், 32-பிட் எக்ஸ்இ ஆனதும் 'கோப்பு இல்லை' என்று வரும். கோப்பு அங்கேதான் இருக்கிறது, எக்ஸ்புளோரரிலும் தெரிகிறது, ஆனாலும் நிரலுக்குக் கிடைக்காது. காரணம் தெரியாமல் பாதி நாள் போய்விடும். ரெஜிஸ்ட்ரியிலும் இதே கதைதான், எழுதியது வாவ்6432நோடு என்ற தனிப் பகுதிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று: மேனிஃபெஸ்ட் இல்லாத 32-பிட் எக்ஸ்இயின் பெயரில் செட்டப், இன்ஸ்டால், அப்டேட் போன்ற சொல் இருந்தால், விண்டோஸ் அதை நிறுவல் நிரல் என்று எண்ணி நிர்வாகி உரிமை கேட்கும். பெயரை மாற்றினாலே அந்தப் பெட்டி மறைந்துவிடும்.

பைஇன்ஸ்டாலரும் கோ மொழியும்

ஸ்கிரிப்ட் பைத்தானில் இருந்தால் பைஇன்ஸ்டாலர் வரும். பைத்தான் மொழியையே கூடவே கட்டிக்கொண்டு போவதால் ஒரு வரி நிரலும் பல எம்பி ஆகும். இதில் ஒன்ஃபைல், ஒன்டைர் என்று இரண்டு வகை. ஒற்றைக் கோப்பு கையில் எடுத்துப்போக வசதி, ஆனால் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தன் பொருள்களை எல்லாம் டெம்ப்பில் _எம்இஐ என்று தொடங்கும் போல்டரில் பிரித்துக்கொள்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கண்காணிப்பு நிரலுக்கு இது வீண் சுமை. நடுவே நிரலைக் கொன்றுவிட்டால் போல்டர் அழியாமல் தங்கும். சில மாதத்தில் டெம்ப் நிரம்பி வட்டு இடமில்லை என்ற எச்சரிக்கை வரும். லினக்ஸில் டெம்ப் பகுதி நிரல் ஓடத் தடை விதிக்கும் நோஎக்ஸெக் விருப்பத்தோடு ஏற்றப்பட்டிருந்தால் நிரல் தொடங்கவே தொடங்காது. ஆகவே சர்வரில் ஒன்டைர், ஒருமுறை எடுத்துப்போய் ஓட்டுவதற்கு ஒன்ஃபைல்.

விண்டோஸில் இருந்துகொண்டு லினக்ஸுக்கோ, லினக்ஸில் இருந்துகொண்டு விண்டோஸுக்கோ பைஇன்ஸ்டாலரால் கட்ட முடியாது. லினக்ஸுக்குள்ளேயும் பதிப்பு இடிக்கும். பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் உபுண்டு 22.04இல் 2.35, ஆர்எச்இஎல் 8இல் 2.28. முன்னதில் கட்டியது பின்னதில் 'ஜிலிப்சி பதிப்பு கிடைக்கவில்லை' என்று நின்றுவிடும். உங்களிடம் உள்ள சர்வர்களில் எது மிகப் பழையதோ அதில் கட்டினால் புதியவற்றில் ஓடும்.

கோ மொழியில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. இதில் உண்மையாகவே இயந்திர மொழிக் கோப்பு உருவாகிறது. ஜிஓஓஎஸ், ஜிஓஆர்ச் என்ற இரண்டு சூழல் மாறிகளை மாற்றினால் ஒரே கணினியிலிருந்து விண்டோஸ், லினக்ஸ், ஆர்ம் எல்லாவற்றுக்கும் கட்டலாம். மிகச் சிறு நிரல் சுமார் 2 எம்பி. கட்டும் கட்டளையின் எல்டிஃபிளாக்ஸில் எஸ், டபிள்யூ கொடுத்தால் இன்னும் குறையும். 1.16 பதிப்பிலிருந்து எம்பெட் வசதி உண்டு என்பதால் கான்ஃபிக் வார்ப்புருக்களையும் உள்ளேயே வைத்துவிடலாம். இரண்டு எச்சரிக்கைகள். விண்டோஸ் 7 அல்லது சர்வர் 2012 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கோ 1.20ஐத் தாண்டாதீர்கள், 1.21 முதல் விண்டோஸ் 10, சர்வர் 2016 ஆகியவையே குறைந்தபட்சம். லினக்ஸில், சி நூலகங்களை இணைக்கும் சிகோவை அணைத்துக் கட்டினால், பயனர் பெயரைத் தேடும் நூலகம் பாஸ்வேர்டு கோப்பை மட்டுமே படிக்கும். எல்டாப், ஆக்டிவ் டைரக்டரி போன்ற மையப் பயனர் பட்டியல்களிலிருந்து வரும் பயனர்களை 'இல்லை' என்று சொல்லிவிடும். பயனர் கணக்குகளைக் கையாளும் கருவியில் இது பெரிய ஓட்டை. அத்தகைய நிரலில் ஐடி கட்டளையை அழைத்து அதன் பதிலை வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

இரண்டு வகை இயங்குதளமும் கலந்திருக்கும் இடத்தில், பல ஆண்டு ஓட வேண்டிய கருவிக்கு, மொழியைக் கற்க ஒருவராவது தயார் என்றால் கோவை எடுங்கள்.

லினக்ஸ் பக்கம்: எஸ்எச்சி வேண்டாம்

ஷெல் ஸ்கிரிப்ட்டைக் கம்பைல் செய்வதாகச் சொல்லும் எஸ்எச்சி, ஸ்கிரிப்ட்டை ஆர்சி4 முறையில் மறைத்து ஒரு சி நிரலுக்குள் வைக்கிறது. ஓடும்போது மறைப்பை நீக்கி, மொத்த உரையையும் ஒரே அளபுருவாகக் கொடுத்து ஷெல்லை அழைக்கிறது. இதனால் மூன்று விளைவுகள். இலக்கு சர்வரில் பேஷ் ஷெல் இருந்தே ஆக வேண்டும், ஆகவே கம்பைல் செய்ததில் லாபமில்லை. லினக்ஸில் ஓர் அளபுருவின் உச்ச நீளம் 128 கேபி, அதைத் தாண்டும் ஸ்கிரிப்ட் ஓடாது. ஓடும் நிரலின் விவரங்களைக் காட்டும் ப்ராக் அடைவைப் பார்க்கத் தெரிந்தவருக்கு மூல உரை அங்கே கிடைத்துவிடும். பல கோப்புகளை ஒன்றாக அனுப்ப வேண்டும் என்றால் மேக்செல்ஃப் நல்லது. அது கட்டுவது நேர்மையான சுயபிரிப்பு ஸ்கிரிப்ட், செக் சுவிட்ச்சால் சரிபார்க்கவும் முடியும்.

செட்யூஐடி (யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளராக ஓடச் செய்யும் பிட்) வேண்டும் என்பதற்காகவும் சிலர் எஸ்எச்சிக்கு வருகிறார்கள், ஏனென்றால் லினக்ஸ் கெர்னல் ஸ்கிரிப்ட்டுகளில் அந்த பிட்டை மதிக்காது. இங்கும் ஏமாற்றமே: உண்மைப் பயனரும் செயல்படும் பயனரும் வேறுபட்டால் பேஷ் தானாகவே உரிமையைக் கைவிட்டுவிடும். அதை மீற வழி தேடுவதைவிட யார் எதை ரூட்டாக ஓட்டலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள்: ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதை, ரூட்டுக்குச் சொந்தமான கோப்பு, நட்சத்திரக் குறி எங்கும் இல்லாமல். விசூடோவால் சரிபார்த்துவிட்டுச் சேமியுங்கள்.

உரிமையும் பாஸ்வேர்டும்

அச்சு வரிசை நிரலுக்கே திரும்புவோம். ரெக்வயர்அட்மின் மேனிஃபெஸ்ட் போட்டால் கணக்குப் பிரிவு ஊழியருக்கு நிர்வாகி பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வரும். அவரிடம் அது இல்லை, இருக்கவும் கூடாது. சரியான அமைப்பு இரண்டு துண்டாக இருக்கும். வேலை செய்யும் ஸ்கிரிப்ட் டாஸ்க் ஷெட்யூலரில் சிஸ்டம் கணக்கில் ஓடும் பணியாக இருக்கட்டும். பயனர்களுக்கு அந்தப் பணியைத் தொடங்கும் உரிமை மட்டும் கொடுங்கள். மேசையில் இருக்கும் 5 கேபி எக்ஸ்இ அந்தப் பணியைத் தட்டி எழுப்பும், அவ்வளவுதான். இப்படிப் பிரித்ததும் எக்ஸ்இக்குள் மறைக்க எதுவும் மிச்சமில்லை.

இதில் கவனம் தவறினால் ஆபத்தான ஒரு இடம் உண்டு. அந்த ஸ்கிரிப்ட்டை சி டிரைவின் வேரில் 'டூல்ஸ்' என்று போல்டர் உருவாக்கி வைக்காதீர்கள். வேரில் உருவாகும் போல்டர் வழக்கமாக, உள்நுழைந்த எந்தப் பயனரும் மாற்றி எழுதலாம் என்ற அனுமதியைப் பெற்றுக்கொள்ளும். சிஸ்டம் கணக்கில் ஓடும் ஸ்கிரிப்ட்டை எவரும் திருத்தலாம் என்றால் கணினியே அவர் கையில். ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் வையுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில், பிஎஸ்2எக்ஸ்இயால் மூடினாலும், ஓடும் ஸ்கிரிப்ட்டைப் பதிவுசெய்யும் ஸ்கிரிப்ட் பிளாக் லாகிங் இயங்கும் கணினியில் நிகழ்வுப் பதிவின் 4104ஆம் எண்ணில் ஸ்கிரிப்ட்டின் உரை பாஸ்வேர்டோடு பதிவாகிவிடும். டொமைனில் இருக்கும் கணினிகளுக்கு பாஸ்வேர்டை டொமைனே நிர்வகிக்கும் ஜிஎம்எஸ்ஏ கணக்கைப் பயன்படுத்துங்கள், பாஸ்வேர்டை யாரும் தட்டச்சு செய்யவே வேண்டாம். அது முடியாவிட்டால், எக்ஸ்போர்ட்-சிஎல்ஐஎக்ஸ்எம்எல் வழியாகச் சேமித்த கிரெடென்ஷியல். அது சேமித்த பயனருக்கு, சேமித்த கணினியில் மட்டுமே திறக்கும்.

ஸ்கிரிப்ட்டாகவே விட்டால்

சரி, நிர்வாகிகள் மட்டுமே ஓட்டும் கருவி என்றால்? ஸ்கிரிப்ட்டாகவே இருக்கட்டும். செட்-ஆதென்டிகோட்சிக்னேச்சர் கொண்டு நேர முத்திரையோடு கையொப்பமிடுங்கள். நேர முத்திரை இல்லாவிட்டால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் எல்லா ஸ்கிரிப்ட்டும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். கிளிக் செய்து ஓட்ட வேண்டும் என்றால் ஒரு குறுக்குவழி ஐகான் போதும்: இலக்கில் பவர்ஷெல், நோப்ரொஃபைல், ஃபைல், பிறகு மேற்கோளுக்குள் பாதை. இரவு இரண்டு மணிக்கு ஒரு சர்வரில் பிழை வந்தால், ஸ்கிரிப்ட்டைத் திறந்து வரியைப் பார்க்கலாம். மூலம் எங்கே என்று தெரியாத எக்ஸ்இயை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் என்ன செய்வது?

எந்த வழியைத் தேர்ந்தாலும், அனுப்புமுன் நிரல் எழுதும் கருவிகள் ஏதும் இல்லாத புதிய மெய்நிகர்க் கணினியில், சாதாரணப் பயனராக, இடைவெளி உள்ள போல்டர் பெயரில் வைத்து ஓட்டிப் பாருங்கள். தமிழில் செய்தி காட்டும் நிரல் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. பவர்ஷெல் 5.1, பிஓஎம் (குறிமுறையைக் காட்டும் தொடக்க பைட்டுகள்) இல்லாத யுடிஎஃப்-8 கோப்பைக் கணினியின் பழைய ஆன்சி குறிமுறையில் படிக்கும். விண்டோஸில் தமிழுக்கென்று ஆன்சி குறிமுறை கிடையாது, ஆகவே எழுத்தெல்லாம் குப்பையாகும். ஸ்கிரிப்ட்டைப் பிஓஎம் உடன் சேமியுங்கள். சிஎஸ்சிக்கு கோட்பேஜ் 65001 என்று கொடுங்கள். செய்தியைக் கறுப்புத் திரையில் எழுதாமல் மெசேஜ் பாக்ஸில் காட்டினால் கொம்பும் காலும் இடம் மாறாமல் வரும்.